படகுப் படம் போட்ட உறை

பாட்டைப் போடு என்றால் போட மாட்டான். இசைத்தட்டை உறையிலிருந்து உருவுவான், வெல்வெட் துணியால் ஒரு சுற்றுத் துடைப்பான், முள்ளை ஊதுவான். இனிப் பாட்டுத்தான் என்று நாம் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது கையை அப்படியே நிறுத்திவிடுவான். "பாட்டு எங்க ஓடிப்போகுது. மொதல்ல ஆளத் தெரிஞ்சுக்கங்க" என்பான். அப்புறம் கால் மணி நேரம் கதை. பாட்டு என்னவோ மூன்று நிமிஷம்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டி எழுத எனக்கு நேரமாகும். அவ்வளவு நேரத்துக்கு அவன் தகுதியானவனா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அவன் போன பிறகு ஆளாளுக்கு ஒன்று சொல்லி அவனைப் பெரிய மனுஷனாக்கி வைத்திருக்கிறார்கள். கிட்ட இருந்து பார்த்தவள் நான். ஆகவே எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் மேட்டுப்பட்டிப் பக்கம் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் முன்பே போய்விட்டார்கள். என் புருஷன் கல்யாணமான இரண்டாம் வருஷம் காய்ச்சலில் போனார். நானும் என் தங்கச்சி புஷ்பமும்தான் மிச்சம். நான் புகையிலைக் கிட்டங்கியில் இலை தரம் பிரித்தேன். ஒரு இலையை வெளிச்சத்தில் தூக்கி நரம்பைப் பார்த்தால் போதும், எந்த மண்ணில் விளைந்தது என்று சொல்லிவிடுவேன். கிட்டங்கி முதலாளியே என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கட்டைக் கட்டச் சொல்வார். அந்தக் கையை வைத்துத்தான் புஷ்பத்தைக் கன்னியர் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படிக்க வைத்தேன். எங்களைப் பார்த்து ஒரு சொல் சொல்லத் தெருவில் யாருக்கும் வாய் வராது. வீட்டை அப்படி நடத்தினேன்.

அந்த வீட்டு முன்னறைக்குத்தான் அறுபதுகளில் அவன் குடிவந்தான். இரண்டு ஒலிபெருக்கிக் குழாய், ஒரு பெட்டி, சுருள் சுருளாகக் கம்பி, நடுவில் இவன்.

மைக் செட் போடுகிறவர்கள் ஊரில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பத்தில் ஏறுவார்கள், குழாயைக் கட்டுவார்கள், பாட்டைப் போட்டுவிட்டுப் பந்திக்குப் போவார்கள். தொழில் என்றால் அது. இவன் கால்சட்டைக்காரன். முழங்கால் இரண்டும் வெளுத்துப்போன கால்சட்டை, ஆனால் மடிப்பு மட்டும் கலையாது. நெற்றியில் ஒரு சுருள் முடி விட்டிருப்பான். கம்பத்தில் ஏறும்போது அது கண்ணில் விழும். ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதைச் சரிசெய்வான். விழுந்து தொலைவான் என்று நானும் பல நாள் பார்த்தேன். விழவில்லை.

எங்களைப் போல மாதா கோயில்காரன்தான். பூசைக்கு மட்டும் வர மாட்டான். எந்த ஊர் என்று கேட்டால், கேட்கிற ஆளைப் பார்த்து ஊர் சொல்வான். பழனிப் பக்கத்து ஆள் கேட்டால் பாலசமுத்திரம் என்பான். மதுரைக்காரர் கேட்டால் வேறு ஒரு ஊர். தன் பிறப்பையே ஒரே மாதிரி இரண்டு தடவை சொல்லத் தெரியாதவன், கடல் தாண்டி இருக்கிறவர்களின் பிறப்பைப் பற்றி எல்லாம் பேசினான்.

இன்னொன்று. என்னை வாய் நிறைய அக்கா என்பான். என் தங்கச்சியை முறை சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அக்காவுக்குத் தங்கச்சி அவனுக்கும் தங்கச்சிதானே. அந்தச் சொல் அவன் வாயில் வராது. அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் சுவரைப் பார்த்துச் சொல்வான். முதல் சந்தேகம் எனக்கு அதில்தான் வந்தது.

அந்த இங்கிலீஷ் தட்டுகள் வந்த கதையைச் சொல்ல வேண்டும். கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் பங்களாவைக் காலி செய்துகொண்டு தங்கள் தேசத்துக்குப் போனது. அங்கே மைக் கட்டப் போனவன், திரும்பும்போது ஒரு தகரப் பெட்டியோடு வந்தான். உள்ளே இருபத்திரண்டு தட்டு. ஒவ்வொன்றும் நம் சினிமாப் பாட்டுத் தட்டைவிடப் பெரியது. ஒவ்வொன்றுக்கும் படம் போட்ட அட்டை உறை. படத்தில் பெரும்பாலும் கிராப்பை வெட்டாத பையன்கள். கையில் வீணைக்குத் தம்பி மாதிரி ஒன்று. அதற்குக் கிதார் என்று பெயர் என்று அவன் சொல்லித்தான் தெரியும்.

பஸ்ஸின் மேலே போட்டுக் கொண்டுவந்ததில், மலை இறங்குகிற வழியில் மழை பிடித்துப் பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. மறுநாள் எங்கள் வீட்டு முற்றத்தில் துணி காய்கிற கொடியில் உறைகளை வரிசையாகத் தொங்கவிட்டான். ஒவ்வொரு உறைக்கும் நேர் கீழே, பாயில், அதற்குரிய தட்டைத் துடைத்து வைத்தான். பிறகு மின்சாரக் கம்பி வாங்கக் கடைவீதிக்குப் போனான். போகும்போது, வரிசை கலையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் கேட்டுக்கொண்டது உண்மைதான். அவன் தலை மறைந்ததும் மழை கொட்டியது. மழை வரிசை பார்த்தா வருகிறது? கைக்கு வந்த உறையை உருவி, கைக்கு வந்த தட்டை அதில் சொருகிப் பெட்டியில் போட்டேன். நான் எடுத்து வைக்காவிட்டால் உறையெல்லாம் கூழாகியிருக்கும். வந்து பார்த்தவன், நீங்க தெய்வம்க்கா என்றான். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். இவனுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது. எந்தத் தட்டு எதில் இருந்தால் இவனுக்கு என்ன என்று நினைத்தேன்.

எனக்கு எப்படித் தெரியும், அவன் படத்தைப் பார்த்துக் கதை கட்டுவான் என்று.

ஒரு வாரம் முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு உறைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். படத்தைப் பார்ப்பான், உள்ளே இருந்த தட்டைப் போட்டுக் கேட்பான், திரும்பவும் படத்தைப் பார்ப்பான். அப்புறம் வாயைத் திறந்தான், மூடவில்லை.

கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்கிற படம் ஒன்று. அவன் பிறவிக் குருடனாம். ஒவ்வொரு நிறமும் எப்படி இருக்கும் என்று பெண்டாட்டி அவன் உள்ளங்கையில் தட்டித் தட்டிச் சொல்வாளாம். அவள் செத்த பிறகு அவள் தட்டிய தாளத்தையே கிதாரில் வாசித்தானாம். ஆள் இல்லாமல் வெறும் கதவு மட்டும் போட்ட படம் இன்னொன்று. பாடியவன் ஜெயிலில் இருந்தானாம், முகத்தைப் படம் பிடிக்க விடவில்லையாம். தொப்பம்பட்டியிலிருந்து ஒரு சம்சாரி பஸ் ஏறி வந்து, அந்தக் குருடன் கதையை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார். பாட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விவசாயம் பார்க்கிறவருக்கு வேலை இல்லையா என்று நான் கேட்டேன். பெண்டாட்டி போய் வருஷம் திரும்பவில்லை என்றார்.

பெரிய புளுகு அந்தப் படகுதான். நாலு பையன்கள் ஒரு சின்னப் படகில் உட்கார்ந்திருக்கிற படம். நாலு பேரும் ஒரே தெருவில் பிறந்தவர்களாம். பேரும் பணமும் வந்த பிறகு இந்தப் படகில் கடலுக்குள் போனார்களாம். மூன்று பேர்தான் திரும்பினார்களாம். செத்தவனுடைய கிதாருக்கு வேறு ஆள் வைக்க மனசு வராமல், அவன் வாசிக்க வேண்டிய இடத்தை அப்படியே வெறுமையாக விட்டுப் பாட்டைப் பதிந்தார்களாம். "கொட்டு மட்டும் கேக்கும். மேல ஒண்ணும் இருக்காது. அதுதான் அவன் எடம்" என்பான். பாட்டிலும் அப்படி ஒரு இடம் வரும். கொட்டு மட்டும் டொக் டொக்கென்று கொஞ்ச நேரம் போகும். அந்த இடம் வந்தால் கல்யாண வீட்டில் குழந்தை அழுகிற சத்தம்கூட நின்றுவிடும். எனக்கு மட்டும்தான் தெரியும், அந்தத் தட்டு அந்த உறைக்குரியது இல்லை என்று. புளுகையும் இடம் மாற்றிப் புளுகினான்.

கிட்டங்கியில் என்னோடு வேலை பார்த்த பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த மூழ்கிப்போன கிதார்காரனுக்காகப் பூசை வைக்கச் சொல்லிக் கோயிலுக்குப் போனார்கள். இறந்தவர் பேர் என்ன என்று சாமியார் கேட்டிருக்கிறார். பேர் தெரியாது, படகில் போனவர் என்றிருக்கிறார்கள். அவரும் நம் ஊர்ப் பக்கத்து ஆள், கடலில் போனவர் என்று நினைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையில், கடலில் மூழ்கிய ஒரு சகோதரரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று வாசித்தார். கிட்டங்கிப் பெண்கள் பத்துப் பேரும் மண்டியிட்டு முக்காட்டால் கண்ணைத் துடைத்தார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். என் பக்கத்தில் புஷ்பம் மண்டியிட்டாள். எட்டாவது படித்த பெண். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்குச் சின்னாளபட்டியிலிருந்து ஒரு வரன் வந்தது. ஆரம்பப் பள்ளி வாத்தியார். வேட்டி கட்டியவர், அதிகம் பேசாதவர். நான் பாதி வார்த்தை கொடுத்துவிட்டேன். அவளைக் கேட்டபோது, யோசித்துச் சொல்கிறேன் என்றாள். ஒரு மாதம் யோசித்தாள். அந்த ஒரு மாதமும் சாயங்காலம் வெங்காயம் உரிக்க அவள் உட்கார்ந்த இடம், முன்னறைக் கதவுக்கு நேரே இருக்கிற தூண். உள்ளே அவன் யாரோ ஒரு கல்யாண வீட்டுக்காரருக்குக் கதை சொல்லிக்கொண்டிருப்பான். இவள் கையில் ஒரே வெங்காயம் அரை மணி நேரம் இருக்கும்.

இவனுடைய வாயை அடைத்தால் இவளுக்குக் காது திறக்கும் என்று எனக்குப் பட்டது.

எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒட்டன்சத்திரம் பக்கம், காய்கறி மண்டிக்காரர்கள். இவனுடைய புகழ் அங்கேயும் போயிருந்தது. கதை சொல்லிப் பாட்டுப் போடுகிற ஆளைத்தான் வைக்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் அப்பாவே கேட்டுக்கொண்டார். பிடித்துப்போனால் அவர்கள் பக்கத்துக் கல்யாணத்துக்கெல்லாம் இவனைத்தான் கூப்பிடுவார்கள் என்று பேச்சு. இவன் கால் தரையில் இல்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம், பந்தலில் கம்பம் நட எதிர்வீட்டுக்குப் போனான். புஷ்பம் பெண்ணுக்கு மருதாணி வைக்கப் போயிருந்தாள். நான் முன்னறைக்குள் போய்த் தகரப் பெட்டியைத் திறந்தேன்.

இங்கிலீஷ் எனக்கும் தெரியாதுதான். ஆனால் தட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில் எழுத்து இருந்தது. உறையின் மேலும் எழுத்து இருந்தது. இலை நரம்பைப் பிரிக்கிற கண்ணுக்கு இது என்ன பெரிய வேலை. படகு உறைக்குள் கிடந்த தட்டில் பாம்பு மாதிரி ஒரு எழுத்து, பக்கத்தில் ஒரு வட்டம், அதற்குப் பக்கத்தில் ஏணி. பாம்பு, வட்டம், ஏணி எந்த உறையில் இருக்கிறதோ அதில் அந்தத் தட்டு. இருபத்திரண்டையும் பிரித்து, அதனதன் உறையில் வைத்தேன். ஒன்றைக்கூட நான் கெடுக்கவில்லை. கெட்டுக் கிடந்ததைச் சரிதான் செய்தேன்.

மறுநாள் பந்தி முடிந்து வெற்றிலை போடுகிற நேரம். மாப்பிள்ளையின் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கிட்டங்கிப் பெண்கள் பின்னால். புஷ்பம் பெண்ணுக்குப் பக்கத்தில். இவன் மைக்கைப் பிடித்தான். படகுப் படத்தைத் தலைக்குமேல் தூக்கி நாலு பக்கமும் காட்டினான். பாட்டு எங்க ஓடிப்போகுது என்று தொடங்கி, அன்றைக்கு என்றும் இல்லாதபடி சொன்னான். செத்தவனுக்கு அம்மா ஒருத்தியைப் புதிதாகச் சேர்த்தான். அவள் கடற்கரையில் சோற்றுப் பாத்திரத்தோடு நின்றாள். கடைசியில், "அந்த வெறும் எடத்த மட்டும் கவனிங்க" என்று சொல்லி முள்ளை வைத்தான்.

குழாயில் வந்தது சிரிப்பு. நாலு பையன்கள் சேர்ந்து கெக்கெக்கே என்று சிரித்துக் கை தட்டித் தொடங்குகிற பாட்டு. அத்தனை கிதாரும் ஒன்றாகக் குதித்தன. வெறுமையான இடம் ஊசி முனை அளவுகூட இல்லை.

மாப்பிள்ளையின் அப்பா கொஞ்ச நேரம் கேட்டார். வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு சொன்னார். "ஏனுங்க, செத்துப்போனவரு நல்லாத்தான் சிரிக்கறாருங்க."

பந்தல் வெடித்தது. இவன் தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். அவசரமாகக் கறுப்புக் கண்ணாடிக்காரனின் உறையை உருவி முள்ளை வைத்தான். பத்துப் பேர் கூட்டாகக் கத்துகிற பாட்டு வந்தது. குருடன் பெண்டாட்டி இத்தனை பேரைப் பெத்துப் போட்டுட்டா போயிருக்கா என்று யாரோ கேட்டார்கள். கிட்டங்கிப் பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை. பூசை வைத்தவர்கள் அல்லவா, எழுந்து வெளியே போனார்கள். இவன் முள்ளைத் தூக்கிவிட்டு, மைக்கின் முன்னால் வாயைத் திறந்து மூடினான். அந்தச் சுருள் முடி கண்ணில் விழுந்து கிடந்தது. அதைக்கூடச் சரிசெய்யவில்லை. அந்த நேரம் எனக்கு இருந்த திருப்தியை நான் மறைக்கப் போவதில்லை. கிட்டங்கியில் முதல் தரக் கட்டைக் கட்டி முடித்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் முற்றத்துக்கு வந்தான். குழாய்களைக் கோணியில் சுற்றிக் கட்டியிருந்தான். தகரப் பெட்டியைத் தூணுக்குப் பக்கத்தில் வைத்தான். "யாரோ கலைச்சுட்டாங்கக்கா. எந்த ஆளு எந்த ரிக்கார்டுன்னே இனிமே எனக்குத் தெரியல. அவுகள எல்லாம் தொலைச்சுட்டேன்" என்றான். சாயங்கால ரயிலுக்குப் போவதாகச் சொன்னான், இந்தப் பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னான். அவனுடைய முகத்தில் நடிப்பு இல்லை. அந்தப் புளுகை எல்லாம் முதலில் நம்பியவன் அவன்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. புளுகனைக்கூட மன்னிக்கலாம். தன் புளுகைத் தானே நம்புகிறவனை என்ன செய்வது?

காலி செய் என்று நான் சொல்ல வேண்டிய சிரமம் இல்லாமல் போகிறானே என்று நான் உள்ளே போய் உலையை வைத்தேன். திரும்பி வந்தால், புஷ்பம் முற்றத்தில் பாயை விரித்து உட்கார்ந்திருக்கிறாள். பெட்டி திறந்திருக்கிறது. இருபத்திரண்டு உறையும் ஒரு பக்கம், இருபத்திரண்டு தட்டும் ஒரு பக்கம். ஒரு தட்டை எடுத்து நடுக் காகிதத்தை வாசிக்கிறாள், ஒரு உறையைத் தேடி எடுத்துச் சொருகுகிறாள். ஒவ்வொன்றாக, நிதானமாக. கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் சரியாக வைத்ததை எல்லாம் அவள் பழையபடி தப்பாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, என்ன செய்யிறே?" என்றேன்.

"இருந்த மாதிரி வைக்கிறேன்" என்றாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே தெரியும். மேல ஒரு பேரு, உள்ள ஒரு பேரு. எட்டாவது படிக்க வச்சது நீதானக்கா." தலையைத் தூக்காமலே சொன்னாள். உறைக்குப் பின்னால் எல்லாம் அச்சடித்திருக்கிறதாம். படகில் இருந்த நாலு பேரும் நன்றாக இருக்கிறார்களாம். அந்தப் படகும் படம் பிடித்தவன் வாடகைக்கு எடுத்ததுதானாம்.

"அப்ப எதுக்குடி பூசையில மண்டி போட்டே?"

கையில் இருந்த தட்டைத் துடைத்தாள். "கடல்ல வேற யாராச்சும் முழுகியிருப்பாகள்லக்கா. அவுகளுக்குப் போய்ச் சேரட்டும்னு."

இந்தப் பேச்சு என் வீட்டில் பிறந்தது இல்லை. அந்த முன்னறையிலிருந்து வந்தது. சின்னாளபட்டி வாத்தியார் வரன் அந்த நிமிஷமே போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கலைத்தது யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் சொல்லியிருப்பேன், எனக்கு என்ன பயம். அவள் கேட்கவில்லை.

முன்னறை வாசலில் அவன் முதுகைக் காட்டிக்கொண்டு கோணிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். இருபது தட்டை முடித்துவிட்டாள். மிச்சம் இரண்டு உறை, இரண்டு தட்டு. அங்கேதான் கை நின்றது. படகுப் படம் ஒன்று, கதவுப் படம் ஒன்று. இதை எடுத்தாள், அதை எடுத்தாள், கீழே வைத்தாள். முதல் தடவையாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவன் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டான்.

அவன் ரயிலுக்குப் போகவில்லை. எங்கள் வீட்டு மாப்பிள்ளையாகி, சாகிற வரைக்கும் அந்த முன்னறையில்தான் இருந்தான். மறுவாரமே என்னை அக்கா என்பதை விட்டு, பெண்டாட்டியின் அக்காளைக் கூப்பிடுகிற முறையில் மதினி என்று கூப்பிட ஆரம்பித்தான், நான் ஒரு வருஷம் திரும்பிப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையான பிறகும் அந்த நாலு பேர் கதையில் ஆளைக் கூட்டினான், ஒரு நாய்க்குட்டியைச் சேர்த்தான், அம்மாக்காரியை இரண்டு தடவை சாகடித்தான். கேட்கிறவர்கள் அழுதார்கள். புளுகன்தான். இன்றைக்கும் அந்தச் சொல்லை நான் மாற்றமாட்டேன். ஆனால் அன்றைக்கு முற்றத்தில் நின்று, உலையில் அரிசி கொதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, "கொட்டுச் சத்தம் மட்டும் வருமே, அந்தப் பாம்பு, வட்டம், ஏணி போட்டதுதான். அதப் படகுல வையி" என்று சொன்னவள் நான்தான்.